மேல்வரிசை கட்டிய மான்

ஒரு காட்டில் ஒரு சிறுத்தை இருந்தது. காடு என்றால் சிறுத்தை இருக்கத்தான் செய்யும், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சிறுத்தைக்கு மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் இல்லாமல் போனதால்தான் இந்தக் கதையையே சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறுத்தையின் பெயர் ராக்கியப்பன். மரத்தில் யாரோ கட்டிவைத்திருந்த கேமரா ஒன்று, அவன் போகும்போதும் வரும்போதும் பளிச் பளிச்சென்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமல் என்னை எப்படிப் படம் எடுக்கலாம் என்று ராக்கியப்பனுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒரே கடி. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்தான் அதன் இரும்புப் பெட்டியில் மாட்டிக்கொண்டு உடைந்தது. கேமரா அதையும் படம் எடுத்தது.

அன்றிலிருந்து அவனால் எதையும் கவ்விப் பிடிக்க முடியவில்லை. கழுத்தைப் பிடித்தால் ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. மூன்று மாதமாகத் தவளையும் நண்டும்தான் சாப்பாடு. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ராக்கியப்பனுக்குச் சோறே போய்விட்டது.

இதில் எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் பூவாத்தாள் என்கிற புள்ளிமான். அவளுடைய மகள் தேவணாவுக்கு முள்வேலியில் சிக்கிப் பின்னங்கால் ஒன்று கோணிப்போயிருந்தது. நடப்பாள், ஓட வராது. மந்தையில் கடைசியாக வருவது யார் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும், முக்கியமாக ராக்கியப்பனுக்குத் தெரியும். அவனுக்கு அந்த ஒரு பல் இல்லாததால்தான் குட்டி உயிரோடு இருந்தாள்.

அப்படியிருக்க, ஒரு நாள் பூவாத்தாளின் தலையில் இடி விழுந்தது. ஆலமரத்தடியில் மரங்கொத்தி டாக்டர் பல் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறாராம். ராக்கியப்பனுக்குப் பிரிட்ஜ் கட்டப் போகிறாராம். இல்லாத பல்லுக்குப் புதுப்பல் ஒன்றைச் செய்து, இரண்டு பக்கத்துப் பல்லோடும் சேர்த்து மாட்டிவிடுவார்களாம்.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு முயல் வந்து ஏதாவது தந்திரம் செய்திருக்கும். இந்தக் காட்டு முயல்களோ எடுப்புப் பல்லைச் சரிசெய்ய டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தன. எனவே பூவாத்தாளே கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பலகை தொங்கியது. ‘உள்ளே யாரும் யாரையும் தின்னக் கூடாது. செருப்பை வெளியே விடவும்.’ டோக்கன் கொடுப்பது ஆமை. பூவாத்தாள் உள்ளே போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

“டாக்டருங்க, அந்தச் சிறுத்தைக்குப் பல்லு கட்டிப்போடாதீங்க. எம்புள்ளையத் தின்னுபோடுமுங்க.”

“அம்மிணி, எனக்கு எல்லாரும் பேஷண்டுதான். நான் பல்லைத்தான் பாப்பேன். அந்தப் பல்லுக்கு நடுவுல யாரு இருக்கறாங்கன்னு பாக்கறது என் வேலையில்ல” என்றார் மரங்கொத்தி. “அது கெடக்கட்டும். வந்தது வந்துட்டீங்க, வாயைத் தொறங்க.”

திற என்றால் திறந்துவிடுவது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் வரும் வியாதி. பூவாத்தாளும் திறந்தாள்.

“அடக் கடவுளே! மேல்வரிசையில முன்னாடி ஒரு பல்லுகூட இல்லியே! எத்தனை நாளா?”

“பொறந்ததுல இருந்தே இல்லீங்க.”

“உங்கம்மாளுக்கு?”

“அவங்களுக்கும் இல்லீங்க.”

“பரம்பரையாவே கவனிக்காம உட்டிருக்கீங்க” என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

மானுக்கு மேலே முன்பல் கிடையாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட அப்படித்தான், வெறும் ஈறு. அந்த ஈற்றையும் கீழ்ப்பல்லையும் வைத்துக்கொண்டே மானினம் ஆதியிலிருந்து புல்லைப் பறித்து, விழுங்கி, அசைபோட்டு நிம்மதியாக இருந்திருக்கிறது. அன்று காலைவரை பூவாத்தாளுக்கும் ஒரு குறையும் இல்லை. டாக்டர் கண்ணாடியைக் காட்டிய பிறகுதான் குறை வந்தது.

“இதுக்கு என்னங்க பண்றது?”

“எட்டுப் பல்லு கட்டோணும். பாலம்னா ரெண்டு பக்கமும் தூண் வேணுமல்ல? உங்க கடவாய்ப்பல்லு கல்லாட்டம் இருக்குது. அதுகளைச் சுத்தியும் சீவி, மேல தொப்பி மாதிரி மாட்டி, நடுவுல எட்டையும் கோத்துட்டா ஆச்சு.”

“அதெல்லாம் நல்ல பல்லுங்களாச்சே!”

“நல்ல பல்லாத்தான் இருக்கோணும். ஆடற பல்லுமேல யாராச்சும் பாலம் கட்டுவாங்களா?”

“சீவற அளவுக்கு அதுக என்னங்க தப்புப் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. பக்கத்துல இருந்துச்சு.”

வந்த காரியம் பூவாத்தாளுக்கு மறந்தே போனது. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். பல் டாக்டர் நாற்காலியில் ஒரு முறையாவது மல்லாந்து படுத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்தடுத்து ஐந்து முறை வரச் சொன்னார்கள். தேன்மெழுகைக் கடிக்க வைத்து அச்சு எடுத்தார்கள். அச்சு கரையான் லேபுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் பெஞ்சில் ராக்கியப்பனும் உட்கார்ந்திருந்தான். முதல் நாள் பூவாத்தாள் பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அவன்தான் பேச்சுக் கொடுத்தான்.

“ஏனம்மிணி, சீவுன எடத்துல பச்சத்தண்ணி பட்டா உங்களுக்கும் கூசுதா?”

“ஐயோ, உசுரே போகுதுங்கண்ணா.”

“எனக்குங் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வெளிய சொல்லீராதீங்க.”

நல்ல மனுசன் என்று வீட்டில் வந்து சொன்னாள். “அம்மா, அவரு நம்மளத் திங்கறவரல்ல?” என்று தேவணா கேட்டாள். “அது வேற, இது வேற” என்றாள் பூவாத்தாள்.

கடைசி நாள் துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று ஆமை சொல்லியிருந்தது. மற்ற மான்கள் எல்லாம் மேயப் போய்விட்டதால் தேவணா நொண்டிக்கொண்டே வந்தாள்.

முதலில் ராக்கியப்பனுக்கு மாட்டினார்கள். பக்கத்துப் பற்களோடு ஒத்துப்போக வேண்டுமே, கலர் அட்டையில் பார்த்து நாலாம் நம்பர் பழுப்பில் செய்திருந்தார் டாக்டர். பூவாத்தாளுக்கு ஒத்துப்பார்க்க மேலே ஒன்றுமே இல்லாததால், இருப்பதிலேயே வெள்ளையான ஒன்றாம் நம்பர் கிடைத்தது. கார்பன் தாளைக் கடிக்கச் சொல்லி, தூக்கலாக இருந்த இடத்தைத் தேய்த்து, ஒட்டி அனுப்பினார். பூவாத்தாள் கண்ணாடியை மூன்று முறை வாங்கிப் பார்த்தாள்.

வாசலைத் தாண்டியதும் ராக்கியப்பன் நின்றுகொண்டிருந்தான். பலகையில் எழுதியிருந்தது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

“மூணு மாசமாச்சு அம்மிணி” என்றான். குரலில் கோபமே இல்லை, பசிதான் இருந்தது. “நீங்க ஓடீருங்க. நீங்க எனக்குத் தங்கச்சி மாதிரி. புள்ளைய உட்டுட்டுப் போங்க.”

பூவாத்தாளுக்கு அப்போதுதான் முதல் நாள் எதற்காக வந்தோம் என்பது ஞாபகம் வந்தது. பெற்ற பிள்ளையைக் காப்பாற்ற வந்தவள் பல் கட்டிக்கொண்டு நிற்கிறாளே! தேவணாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“வேண்டாங்கண்ணா! என்னைய எடுத்துக்கங்க. அவளை உட்டுருங்க!”

கெஞ்சுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். வெயில் எட்டுப் பல்லிலும் பட்டது.

பாயக் குனிந்த ராக்கியப்பன் அப்படியே நின்றான்.

“எங்க, இன்னொருக்கா வாயைத் தொறங்க.”

திறந்தாள்.

“இது எத்தனாம் நம்பர்?”

“ஒ... ஒண்ணுங்கண்ணா.”

“எனக்கு நாலாம் நம்பர் போட்டு உட்டிருக்கறாரு!” ராக்கியப்பன் உதட்டைத் தூக்கிக் காட்டினான். “பாப்பா, நீ சொல்லு. பொய் சொல்லப்படாது. யாருது நல்லாருக்குது?”

தேவணா இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லாதே என்று பூவாத்தாள் கண்ணாலேயே கெஞ்சினாள். குழந்தைக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

“எங்கம்மாளுதுதானுங்க மாமா. உங்குளுது சாணி பூசுனாப்பல இருக்குதுங்க.”

ராக்கியப்பனின் முகம் சுருங்கிப்போனது. மானைத் தின்ன வந்ததை மறந்தான், மூன்று மாதப் பசியை மறந்தான். திரும்பி விடுவிடுவென்று ஆஸ்பத்திரிக்குள் போனான்.

“டாக்டர்! முப்பது பல்லையும் சீவுங்க. எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல வேணும்!”

“அதுக்கென்ன, வாயைத் தொறங்க” என்றார் மரங்கொத்தி.

முப்பதும் கட்டி முடிந்தபோது டாக்டர் ஒரு சீட்டும் கொடுத்தார். எலும்பு கடிக்கக் கூடாது, தோல் கிழிக்கக் கூடாது, எதையும் கவ்வி இழுக்கக் கூடாது, மீறி உடைந்தால் ஆஸ்பத்திரி பொறுப்பல்ல. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொன்னவர்கள் சிறுத்தையின் பல்லைச் சீவிப் பார்க்கவில்லை. ராக்கியப்பன் இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே கரடி நடத்தும் கடையில் மூன்று வேளையும் ராகிக் கூழ் குடிக்கிறான். கடவாய்ப்பல்லையெல்லாம் சீவிவிட்டதால் அசைபோட முடியாத பூவாத்தாளும் அங்கேதான் குடிக்கிறாள். இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்கிறார்கள். காட்டில் அவ்வளவு அழகான சிரிப்பு வேறு யாருக்கும் இல்லை.

தேவணா எதிரிலேயே, வெறும் ஈற்றோடு, வயிறு நிறையப் புல் மேய்கிறாள். ஓட வேண்டிய அவசியம் அவளுக்கு இன்றுவரை வரவில்லை.

நீதி: எதிரியின் பல்லைப் பிடுங்க நினைக்காதே. அவனுடையதைவிட வெள்ளையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் வாயைத் திற. மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.