பாதிக் கேக்

விளங்காத பாட்டுக்குத் தலையாட்டாதீர்கள், பிள்ளைகளே. அதுவும் பெண் பார்க்கப் போன வீட்டில்.

எழுபதுகளில் ரொறன்ரோவில் தமிழ்ப் பெண்கள் மிகக் குறைவு. நானோ, மாப்பிள்ளைக்குத்தான் தட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை, ஒரு கார் (தள்ளினால் ஓடும்), தோள் வரை காலர் விரிந்த ஊதா நிறச் சேர்ட். வேறென்ன வேண்டும்?

மலரைப் பார்க்க ஸ்கார்பரோவில் அவருடைய அண்ணன் வீட்டுக்கு ஒரு கேக்கோடு போனேன். அதன் மேல் சிவப்புக் கிரீமில் 'மலர் – சிவம்' என்று எழுதுவித்திருந்தேன். (அதுவரை அவரோடு ஒரு சொல்லும் பேசியதில்லை.) ஊரிலிருந்த என் அம்மாவுக்கும் 'எல்லாம் சரி' என்று தந்தி போய்விட்டது.

கேக்கைப் பார்த்து அண்ணனின் முகம் ஒரு மாதிரியாய்ப் போனது. நான் கால்மேல் கால் போட்டேன்.

"கலியாணத்துக்குப் பிறகு இவ வேலைக்குப் போகத் தேவையில்லை. நான் ஷிப்ட் முடிஞ்சு வரேக்கை சோறு சூடாயிருந்தாக் காணும்," என்றேன். பிறகு, ஊர் வழக்கத்தை விடுவானேன் என்று, "உங்கடை தங்கச்சியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கோவன், அண்ணை."

மலர் பாடவில்லை. எழுந்துபோய் ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டார். உறைப் படத்திலிருந்த கறுப்பினப் பெண் ஆங்கிலத்தில் அடிவயிற்றிலிருந்து பாடினாள். எனக்காகத்தான் உருகுகிறாள் என்று முடிவுகட்டித் தொடையில் தாளம் போட்டேன். முடிந்ததும், "இன்னொருக்காப் போடுங்கோ!"

போட்டார். இந்த முறை நானும் சேர்ந்து முனகினேன். அண்ணன் சமையலறைக்குள் ஓடினார். சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டது.

"விளங்கினதோ?" என்றார் மலர்.

"ஓம், ஓம். காதல் பாட்டு."

"இல்லை. ஒருத்தன் காரையும் சேர்ட்டையும் காட்டிக்கொண்டு, அவளைக் கேக்காமலே உரிமை கொண்டாட வாறான். 'மதிக்கத் தெரிஞ்சா இரு, தெரியாட்டி கதவு அங்கை இருக்கு' எண்டு அவள் பாடுறாள்."

"என்ன கார்?" என்று கேட்டேன். (ஏன் கேட்டேன்? இன்றுவரை தெரியாது.)

மலர் கத்தியை எடுத்தார். நான் காலைக் கீழே இறக்கினேன். அவர் கேக்கை நடுவே வெட்டி, தன் பெயர் இருந்த பாதியைத் தட்டில் வைத்தார். "என்ரை பேர் என்னட்டையே இருக்கட்டும்." மிச்சத்தைப் பெட்டியில் மூடி என் கையில் தந்தார்.

வெளியே குளிரில் கார் கிளம்பவில்லை. தள்ளச் சொல்லித் திரும்பிப் போய்க் கேட்க முகமில்லாமல், 'சிவம்' என்ற பாதியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். அம்மாவுக்கு அனுப்பிய அடுத்த தந்தி மிகவும் சிறியது.

சில வருடங்கள் கழித்து உங்கள் அம்மாவைப் பார்க்க வெறுங்கையோடு போனேன். "உங்கடை விருப்பம் என்ன?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவவோடு வேலை செய்தவர் யார் தெரியுமா? உங்கள் மலர் அன்ரிதான். கலியாணப் பரிசாக அதே இசைத்தட்டைக் கொடுத்தார். எனக்கல்ல, உங்கள் அம்மாவுக்கு.

இன்றும் நான் "முடிவெடுத்தாச்சு" என்று தொடங்கினால் அம்மா வாதாடுவதில்லை. போய் அந்த இசைத்தட்டில் ஊசியை வைப்பா. நீங்கள் கும்பலாகத் தாளம் போடுவீர்கள்.

இப்போது எனக்கு ஒவ்வொரு வரியும் விளங்குகிறது.