ஊறப்போட்ட இரண்டு கத்திகள்

"ஐந்நூத்து அறுபது டிகிரியில வெச்சா கத்தி துரு புடிச்சிடும் சார்," என்றாள் அருணாதேவி.

வேங்கிக்காலில் அறிவுச்செல்வன் வைத்திருக்கும் பட்டறையில் உலையைக் கவனிப்பவள் அவள். டிப்ளமோ படித்தவள்.

"உலையில நைட்ரஜன ஏத்தி நைட்ரைடிங் பண்றதே கத்தி கெட்டியாகத்தானே?"

"கெட்டியாகும், கூரும் நிக்கும். ஆனா எவர்சில்வர துரு புடிக்காம காப்பாத்துறது அதுல இருக்கற குரோமியம். சூடு ஜாஸ்தியானா நைட்ரஜன் போய் அந்த குரோமியத்தப் புடிச்சிக்கும். நானூத்து இருபதுன்னா அந்தத் தொல்லை இல்ல."

"நானூத்து இருபதுன்னா பத்து கத்திக்கு முப்பது மணி நேரம் ஆவும்மா. ஐந்நூத்து அறுபதுல எட்டே மணி நேரம்!"

கிரிவலப் பாதையில் அன்னதானம் போடும் மூர்த்தியின் காய் வெட்டும் மெஷினுக்கு நாற்பது கத்திகள். பட்டறைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். எலுமிச்சம்பழம் வெட்டும்போது துரு இறங்கினால் மூர்த்தி அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார். பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது.

"இன்னைக்கே ஆரம்பிச்சா அஞ்சு நாள்ல முடிச்சிடலாம் சார்."

சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் அறிவுச்செல்வனுக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் தூக்கம் வரும். மாதிரிக்கு நானூற்று இருபதில் ஒன்றும் ஐந்நூற்று அறுபதில் ஒன்றுமாகச் செய்திருந்த இரண்டு கத்திகளை, பின்பக்கக் குழாயடியில் இரண்டு பேசின்களில் உப்புத் தண்ணீரில் போட்டார்.

மறுநாள் காலை பூதக்கண்ணாடியோடு ஓடினார். குழாயடியைப் பெருக்கிக்கொண்டிருந்த சரசு ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"உப்பு கம்மியா இருக்கும் சார்," என்றாள் அருணாதேவி.

இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டார். அடுத்த நாளும் துரு இல்லை. புளியைக் கரைத்து ஊற்றினார். மூன்றாம் நாள் ஐந்நூற்று அறுபது டிகிரிக் கத்தி முன்னைவிடப் பளபளத்தது.

அருணாதேவிக்கு முகமே செத்துப்போயிற்று. "மூணு வருஷம் படிச்சது பொய்யா சார்?"

"புக்கு எழுதினவன் நம்ம ஊர் தண்ணியில போட்டுப் பார்த்திருக்கமாட்டாம்மா. ஏத்து ஐந்நூத்து அறுபதுல!"

இனி நானூற்று இருபதுக்கு நேரமும் இல்லை. இரவு பகலாக உலை எரிந்தது. ஐந்தாம் நாள் காலை நாற்பது கத்திகளும் வேனில் ஏறிப் போயின. கொஞ்ச நேரத்தில் மூர்த்தியே போன் செய்தார்.

"கத்தி ஜோரா இருக்குங்க! மத்த அன்னதானக்காரங்ககிட்டயும் உங்க பேரச் சொல்லிட்டேன். இன்னும் இருநூறு வேணுமாம்."

அறிவுச்செல்வனுக்குத் தலைகால் புரியவில்லை. விஞ்ஞானத்தையே ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

டீயை வாங்க வந்த சரசு, டம்ளரைப் பிடிக்க முடியாமல் சிவந்து கிடந்த விரல்களை அவரிடம் காட்டினாள்.

"உப்பு, புளி எல்லாம் போட்டு ஊறப்போட்டிருக்கீங்களே, தேய்க்கத்தான்னு நானும் அஞ்சு நாளா விடியக்காலயில வந்து தேய்ச்சு வெச்சிட்டுத்தான் சார் பெருக்கவே ஆரம்பிக்கிறேன், ஒரு கத்தி பரவால்ல, அந்த இன்னொன்னுல தெனமும் துரு அடை அடையா வருது, இனிமே என்னால ஆவாது!"