நாலு மணி பஸ்ஸில் போன கூட்டம்

பத்திரிகையில் வருவதெல்லாம் உண்மை என்று நம்புகிறவர்களை நான் கேலி செய்வதில்லை. அவர்களை ஏமாற்றியவர்களில் நானும் ஒருவன்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலி சுரங்கத்தில் எனக்கு ஷிப்ட் வேலை. மிச்ச நேரத்தில் ஒரு நாளேட்டுக்குப் பகுதி நேர நிருபர். (வருமானம் சொல்லும்படி இல்லை, பந்தா மட்டும் ஏராளம்.) செய்தியை உறையில் போட்டு நாலு மணி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால்தான் மறுநாள் பேப்பரில் வரும். தலைவர்களோ ஆறு மணிக்கு முன்னால் மேடை ஏறமாட்டார்கள். ஆகவே, நடக்கப்போகும் கூட்டத்தை நடந்ததாக எழுதி அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். எப்போதும் அதே பேச்சைத்தானே பேசுகிறார்கள்!

பக்கத்து ஊர் வடக்குத்தில் கட்சிக் கிளைச் செயலாளராக இருந்த கலியபெருமாளின் மகள் செல்வியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவர் ஒரே நிபந்தனை போட்டார்.

"தலைவருக்கு நான் மாலை போடறது பேப்பர்ல வரணும் தம்பி. அப்புறம் வூட்டுக்கு வாங்க, பேசுவோம்."

"கண்டிப்பா வரும்ங்க" என்று வாக்குக் கொடுத்தேன்.

விடுவேனா? தலைவர் நெய்வேலிக்கு வருவதாக இருந்த அன்று மதியமே 'உயிர் உள்ளவரை இந்தக் கட்சிதான்: நெய்வேலியில் தலைவர் முழக்கம்' என்று தலைப்பிட்டேன். என் செய்தியில் கலியபெருமாள் ஆளுயர மாலை அணிவித்தார். தலைவர் கண்கலங்கினார். (கண்ணீர் என் சொந்தச் சரக்கு.) உறை பஸ் ஏறியது.

ஆறு மணியாயிற்று, ஏழும் ஆயிற்று. மாலையைத் தூக்கிக்கொண்டு நின்ற கலியபெருமாளுக்குக் கை கடுத்ததுதான் மிச்சம். தலைவர் வரவேயில்லை. செய்தியை நிறுத்தச் சொல்ல டிரங்க் கால் போட்டேன், லைன் கிடைத்தால்தானே!

மறுநாள் பேப்பரில் முதல் பக்கம்: தலைவர் நேற்று மாலை சென்னையில் வேறு கட்சியில் சேர்ந்தார். ஐந்தாம் பக்கம்: நேற்று மாலை நெய்வேலியில், உயிர் உள்ளவரை இந்தக் கட்சிதான் என்று முழங்கினார்.

நிருபர் வேலை அன்றே போயிற்று. செல்வியும் போனாள் என்றுதான் வடக்குத்துக்குப் போனேன். கலியபெருமாள் ஐந்தாம் பக்கத்தை விரித்து வைத்திருந்தார்.

"என்னா தம்பி, வராத ஆளு கழுத்துல மாலை போட வச்சிட்டீங்க? ஊரே சிரிச்சிகினு கெடக்குது."

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "அந்த ஆளு சொன்ன சொல்லக் காப்பாத்தல. நீங்க வரும்னீங்க, வந்துடுச்சி. உள்ள வாங்க."

சுரங்கக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெகுகாலமாகிறது. மாமனாரும் இல்லை. அவர் கண்ணாடி போட்டு வைத்த ஐந்தாம் பக்கம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. "மாத்திரை போட்டுட்டேன்" என்று நான் சொன்னால் போதும், செல்வி அடுப்படியிலிருந்தே கேட்பாள்:

"போட்டுட்டீங்களா, இல்ல நாலு மணி பஸ்ஸுல அனுப்பிட்டீங்களா?"