பெட்டியைத் திறந்தது யார் என்ற விவரம்

பாரிவாக்கம்,
ஞாயிறு காலை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மஸூத் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கலீல் ரகுமான் எழுதுவது. இங்கே நானும், தங்கள் தங்கை ஜுலைகாவும், மகள் அலீனாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். என் சர்க்கரைகூட இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. ஆம்பூரில் தங்கள் எல்லோருடைய சுகத்துக்கும், முக்கியமாக அக்காவின் முழங்காலுக்கும், துஆ செய்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். இந்த வீட்டில் போனை எடுத்தால் ஜுலைகா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். சில விஷயங்கள் அண்ணன் காதுக்கு மட்டும் போக வேண்டியவை.

போன பெருநாளைக்கு வந்தபோது, அலீனாவைப் பற்றி, "எம்பிபிஎஸ் முடிச்சா, எம்டி முடிச்சா, இன்னும் என்ன மாப்ளே படிப்பு? லேப்ல உக்காந்து ரத்தம் பாக்கவா?" என்று கேட்டீர்கள். பதில் தெரியாததால் அன்று பிரியாணித் தட்டை உங்கள் பக்கம் தள்ளினேன். இப்போது தெரியும். இந்த ஒரு வருடப் பயிற்சிக்கு ஃபெலோஷிப் என்று பேர். நோயாளியின் உடம்பிலிருந்தோ, அவருக்குப் பொருந்துகிற இன்னொருவர் உடம்பிலிருந்தோ செல்லை எடுத்து, லேபில் எண்ணி, சோதித்து, கெடாமல் காத்து, நோயாளிக்கு ஏற்றுகிறார்கள். செல்லேதான் மருந்து. பையின் மேலிருக்கும் லேபிளை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் சரிபார்க்க, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது இடத்தை விட்டு நகரும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து, எங்கள் ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குக்கூடத் தேதி, நேரம், கையெழுத்து. நேரம் எழுதாத மீன் குழம்பை ஒருநாள் அலீனா கொட்டிவிட, ஜுலைகா ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எனக்குப் பெருமைதான். முப்பத்தோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டைப் பரிசோதித்து முத்திரை குத்தியவன் மகள் வேறெப்படி இருப்பாள்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரம் முன்பு சனிக்கிழமை ஒரு நீலப் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்தாள். செல் பையை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிற பெட்டியாம். அன்று உள்ளே இருந்தது வெறும் உப்புத் தண்ணீர்ப் பைதான். ஒரு சாதாரண வீட்டில், மே மாத வெயிலில், இருபத்து நாலு மணி நேரம் உள்ளே ரெண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்க்கிற பரீட்சை. நிமிஷத்துக்கு நிமிஷம் குறித்துக்கொள்ள உள்ளே ஒரு சின்ன மெஷின். அந்த வரைபடத்தைத் திங்கட்கிழமை ஃபைலில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். தேறினால் பயிற்சி எடுக்கிற ஆஸ்பத்திரியிலேயே வேலை, தேறாவிட்டால் இன்னொரு வருஷம். "அத்தா, கை வச்சிராதீங்க" என்று சொல்லி, மூடிமேல் 'திறக்காதீர்' என்று எழுதி ஒட்டிவிட்டு டியூட்டிக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் கரண்டு போச்சு. லைன்மேன் பாபுவைக் கேட்டால், "இன்னா பண்றது பாய், டிரான்ஸ்பார்மரே பூட்சு. கரண்டு வர சாயங்காலம் ஆவும். அதுக்குன்னு என்னப் புடிச்சிகினு நின்னா எப்பிடி?" என்கிறான். ஃப்ரிட்ஜ் வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. அப்போது, மச்சான், நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க வேண்டும், தங்கள் தங்கை பால் கெட்டுப்போகுமே என்று பால் பாக்கெட்டைக் கொண்டுபோய் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். டீ போட ஒரு தடவை திறந்தாள், மிச்சத்தை வைக்க இன்னொரு தடவை. மொத்தம் மூணு. நான் அப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலீனா மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டினால், கோட்டில் மூணு இடத்தில் கோளாறு. பிள்ளை முகம் வெளிறிப்போச்சு. யார் திறந்தது என்று கேட்டாள். கட்டிய மனைவியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். "கரண்டு போச்சு, வெக்கையில மெஷின் தப்பாக் காட்டிடுச்சுன்னு எழுதிடும்மா" என்று ஒரு தகப்பன் சொல்லக்கூடாததையும் சொன்னேன். அவள் கோபப்படவே இல்லை. "நாளைக்கு இதே பெட்டியில ஒரு கொழந்தையோட உசுரு போகும் அத்தா. அப்பவும் மெஷின் தப்புன்னு எழுதவா?" என்றாள். 'மூடி மூன்று முறை திறக்கப்பட்டது. திறந்தவர் வீட்டில் ஒருவர். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கொண்டுபோனாள். வருஷம் போச்சு என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமலேயே சிரிக்கிறாள். பயிற்சி கொடுக்கிற ரேணுகா டாக்டர் முழுதும் படித்துவிட்டு, "பெட்டி ஃபெயில், நீ பாஸ்" என்றாராம். மறைக்காமல் எழுதுகிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டுமாம். ஜூன் முதல் தேதி அங்கேயே வேலை. அல்ஹம்துலில்லாஹ். அழுதுவிட்டேன் மச்சான், வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆகவே, ஜுலைகாவிடம் இதைக் கேட்டுவிடாதீர்கள், மனம் நோகும். மூத்தவராக, பொதுவாக, பிறர் பொருளைத் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவுக்கு ஸலாம். மகன் ஜுல்ஃபிகருக்கு என் அன்பு. அலீனாவின் கைராசிக்கு எல்லோரும் துஆ செய்யுங்கள்.

தங்கள் பிரியமுள்ள,
கலீல் ரகுமான்

பின்குறிப்பு: மருத்துவ விஷயமெல்லாம் சரியா என்று பார்க்கச் சொல்லி, பெருமை தாங்காமல் நானே இதை அலீனாவிடம் நீட்டினேன். படித்தவள் எழுந்துபோய் அந்த வரைபடத்தைக் கொண்டுவந்தாள். "பால் வச்சிருந்தா கோடு மேலதான் போவணும் அத்தா. இது முதல்ல ரெண்டு டிகிரிக்குக் கீழ எறங்கியிருக்கு. அப்படி எறங்கணும்னா ஐஸ் மாதிரி ஒண்ணு உள்ள போயிருக்கணும்" என்றாள். பட்டர்ஸ்காட்ச் ஐஸ்கிரீம், மச்சான். அரை லிட்டர் டப்பா. ஜுலைகாவுக்குத் தெரியாமல் ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்கு அடியில் வைத்திருந்தது. முதல் தடவை அதைப் பெட்டிக்குள் வைக்க, இரண்டாம் தடவை கொஞ்சம் தின்ன, மூன்றாம் தடவை முடித்துவிட. தங்கள் தங்கை அன்று மதியம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். திருத்தக் குறிப்பு ஒன்று நாளை ஆஸ்பத்திரி ஃபைலில் என் பேரோடு ஏறுகிறது. கடிதத்தைக் கிழித்து வேறு எழுதலாம் என்றால் விடமாட்டேன் என்கிறாள். தவறை அழிக்கக்கூடாதாம், கீழே திருத்தி எழுத வேண்டுமாம்.

சரிபார்த்தேன். பெட்டியைத் திறந்த விஷயத்தில் பின்குறிப்பு மட்டுமே சரி. சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்பதாக எழுதியிருப்பதற்கும் ஆதாரம் இல்லை. நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கப்படும்.
இரண்டாம் கையெழுத்து: டாக்டர் அலீனா. நேரம்: காலை 9.40.