ஒரே புள்ளி மூன்று இடத்தில்

இந்தக் காலத்தில் யாரும் படத்தைப் பார்ப்பதே இல்லை. சுருட்டிக்கொண்டு வந்து, ஃபிரேம் போடு என்று நீட்டிவிட்டு ஓடிவிடுகிறார்கள். டன்லப் ஸ்ட்ரீட்டில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கும் துரைசாமி அல்லவா முழிக்க வேண்டும்!

எதிர்க்கடை ஹலீமா நேற்று அச்சடித்துக் கொடுத்த படம் மேசையில் கிடந்தது. கறுப்பு வானம், ஆயிரம் நட்சத்திரம். நடுவே ஒரே மாதிரி சிவப்புத் தீற்றல், மூன்று இடத்தில்.

கல்யாணப் படத்தில் ஒரே மாப்பிள்ளை மூன்று இடத்தில் நின்றால் விடலாமா? இரண்டைக் கறுப்பு மையால் மூடினார். ஓடிப்போன மாப்பிள்ளைகளையே மறைத்த கை. பெருமையோடு, படத்துக்குச் சொந்தக்காரரான கதிரேசனுக்கு ஃபோன் போட்டார். அவர் பொங்கோல் வட்டார வானவியல் சங்கத் தலைவர். மாலைக் கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டித்தான் பேசப் போகிறார்.

“தம்பி, ஒரே புள்ளி மூணு தடவ விழுந்திருக்கு.”

“ஐயோ, தொட்டுறாதீங்க அங்கிள்! அதுதான் மேட்டரே லா! முதன்முதல்ல பிறந்த கேலக்சி. முன்னால கொத்தா நிக்கிற கேலக்சிங்களோட கனம், அதோட வெளிச்சத்தை வளைக்குது. அதான் ஒண்ணு மூணாத் தெரியுது.”

“வளைக்குதா?”

“லென்ஸ் மாதிரி. ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்து வெளிச்சம்.”

“நீங்க பாத்தீங்களா?”

“டெலஸ்கோப் பாத்துச்சு அங்கிள்.”

துரைசாமி ஃபோனை வைத்தார். முப்பது வருடத்தில் ஒரு படத்தையும் பாழாக்கியதில்லை.

தின்னர் தொட்டு மையைத் துடைத்தார். மை போனது, அடியிலிருந்த சிவப்பும் போனது. அம்மன் படத்துக்குப் பொட்டு வைக்கும் பெயின்ட்டால் இரண்டையும் வரைந்தார். மிச்சமிருந்த ஒன்று இளைத்துத் தெரிந்தது. அதன் மேலும் பூசினார். இப்போது மூன்றும் கோயிலுக்குக் கிளம்பியவை போல் ஜொலித்தன. காய்ந்தால்தான் கண்ணாடி போட முடியும். அதற்குள் கதிரேசன் வந்துவிட்டார்.

பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“என்ன துல்லியம் அங்கிள்! எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு!”

விரலை நீட்டினார்.

“தொடாதீங்க!” என்று கத்தினார் துரைசாமி. ஆயிரத்து முந்நூறு கோடி வருஷத்து வெளிச்சம் இன்னும் காயவில்லை.

கதிரேசன் மறுபடி குனிந்துகொண்டார். “வளைக்குதாம்! படிச்சவன் சொன்னா நம்பிறணும்” என்று முனகியபடி துரைசாமி டீ குடிக்க வெளியே நடந்தார்.

எதிரே ஹலீமா, புதிதாகச் சுருட்டிய படத்தோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அண்ணே, நேத்து குடுத்ததத் தூக்கிப் போட்டுருங்க! மெஷின் உருளையில இருந்த சிவப்பு மை அழுக்கு, நடுவுல மூணு இடத்துல ஒட்டியிருக்கு.”