பாதி வாசிப்பில் பொன்னாடை

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்குப் பட்டம் வருவதற்கு முன்பே தலைக்கனம் வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளரின் பியானோ இசையில் வரும் மௌனங்களைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ந்தேன். (வாசிப்பதைப் பற்றியல்ல, வாசிக்காமல் இருப்பதைப் பற்றி! அதற்கு உதவித்தொகை வேறு.)

கடைசிக் கட்டமாகத் தேர்வாளர் முன்னிலையில் பேசவும் வேண்டும், வாசித்தும் காட்ட வேண்டும். சென்னையிலேயே முடித்திருக்கலாம். "என் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும்" என்று அடம்பிடித்து சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மண்டபம் பிடித்தேன். சேலத்துக்கு மௌனம் கற்றுத்தரப் போகிறேனாம்!

அப்பாவுக்குச் சங்ககிரியில் லாரித் தொழில். பெங்களூரில் வாடகைக்கு எடுத்த பியானோவை மெத்தை சுற்றித் தன் லாரியிலேயே ஏற்றி, டிரைவர் பக்கத்தில் தானே உட்கார்ந்து கொண்டுவந்தார். மகள் மேடை ஏறுகிறாள் என்று வேன் வைத்துச் சொந்தபந்தம் முழுவதையும் அழைத்தும் வந்தார். ஆளுக்கொரு பொன்னாடை கையில். எங்கள் பக்கம் மேடை ஏறியவரை வெறுந்தோளோடு இறக்கிவிட மாட்டார்கள்.

நான் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். "வாசிப்பு நடுவில் நிற்கும், அது முடிவல்ல" என்று தமிழிலும் ஒரு வரி சொன்னேன். அப்போது அப்பா வெளியே வேனை ரிவர்ஸ் எடுக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் என் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும் தொடங்கினேன். நன்றாகவே வாசித்தேன், பொய் சொல்வானேன். அந்தப் பெரிய மௌனம் வந்தது. கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடினேன். தேர்வாளரும் மூடினார். திடீரென்று கழுத்தில் சரிகை உறுத்தியது.

அப்பா!

"பயப்படாத சாமி," என்று காதில் கிசுகிசுத்தார். "மறந்துபோனா என்ன? முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்குவாங்க. எந்திரிச்சுக் கும்புடு."

"ஐயோ, மறக்கலீங்கப்பா! இன்னும் இருக்குதுங்க!"

அப்பாவே போர்த்திவிட்டாரே என்று அதற்குள் மாமா எழுந்துவிட்டார். பின்னால் அத்தை, சித்தப்பா, சித்தி என்று ஒரே வரிசை. மாமாவின் பொன்னாடை என் தலை மேலேயே விழுந்து முகத்தை மூடியது. எழுந்து கும்பிட்டால் வாசிப்பு அதோடு முடிந்தது. பாதி வாசிப்புக்கு எந்தத் தேர்வாளர் பட்டம் கொடுப்பார்? வந்தது வரட்டும் என்று, கண் தெரியாமலேயே அடுத்த சுரத்தைத் தொட்டேன். மேலே பாரம் ஏறிக்கொண்டே இருந்தது. வியர்த்து ஊற்றியது. ஆனால் கடைசிவரை ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. இன்றைக்கும் அதில் எனக்குக் கர்வம்தான்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மௌனத்துக்கு இத்தனை பேர் எழுந்து வந்து மரியாதை செய்து நான் பார்த்ததில்லை" என்றார். பட்டம் கிடைத்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பேச்சை நடுவில் நிறுத்தினால், "பொன்னாடை கொண்டாங்க!" என்று ஒரு குரல் வரும். தம்பி பெண் பார்க்கப் போன இடத்தில் திக்கியபோதும் வந்தது. (பெண் சிரித்துவிட்டாள். கல்யாணம் நடந்தது.)

அப்பா மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை. என் கச்சேரி எங்கே நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார். போன மாதம் கோவையில் அதே மௌனம் வந்தபோது யாரோ பின்னாலிருந்து கைதட்டிவிட்டார்கள். அப்பா எழுந்து திரும்பி, மண்டபமே அதிரும்படி சொன்னார்:

"ஏனுங்க, சித்த பொறுங்க! எம்புள்ள ஒண்ணும் மறக்கலீங்க. அந்தப் பிரெஞ்சுக்காரரு அப்படித்தான் எழுதி வெச்சுருக்கறாரு!"