தம்பி, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் இருக்கிறேன், உன் அண்ணி நன்றாக இருக்கிறாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போகப்போகப் புரியும். அங்கு நீயும் உன் மனைவியும் உன் சர்க்கரையும் ஒரு கட்டுப்பாட்டோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. குடிநீர் அலுவலகத்தில் விருப்ப ஓய்வுக் காகிதம் நீட்டியிருக்கிறார்கள், ஐம்பத்தேழு வயதில் இப்போதே விட்டுவிடலாமா, இன்னும் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் கடைசிக் காலத்துக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்குமே, நீங்கள்தான் அனுபவசாலி, சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். பள்ளத்தின் ஆழத்தை விழுந்தவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

காகித ஆலை எடைமேடையில் நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தேன். லாரி சரக்கோடு வரும், எடை போடுவேன். காலியாகத் திரும்பும், எடை போடுவேன். கழித்துச் சீட்டு எழுதுவேன். இதற்குமேல் அந்த வேலையில் ஒன்றும் கிடையாது. அறுபதிலேயே விட்டிருக்கலாம். இன்னும் ஒரு வருடம் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள், இருக்கிறேன் என்றேன். அடுத்த வருடமும் கேட்டார்கள், அதற்கடுத்த வருடம் அவர்கள் கேட்கவில்லை, நானே கேட்டேன். முதல் தடவை மகள் கல்யாணக் கடன் என்று காரணம் சொன்னேன், இரண்டாம் தடவை மாடி ஒழுகுகிறது என்றேன், அதன் பிறகு கடனும் இல்லை ஒழுக்கும் இல்லை, ஆனாலும் நாளைக்கு ஏதாவது வந்துவிட்டால் என்றேன். அந்த ‘ஏதாவது’ என்ன என்று உன் அண்ணி கேட்டாள். எனக்கே தெரியாது. தெரியாததற்குச் சேர்ப்பதற்கு அளவு ஏது? இப்படியே அறுபத்தைந்து ஆகிவிட்டது. “ரிடையர் ஆனதும் பாத்துக்கலாம்” என்பதுதான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்ட வசனம். கல்யாணத்துக்கு வந்த நல்ல தட்டுகள் பரணில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. கடல் பார்க்க வேண்டும் என்று அவள் முதலில் கேட்டபோது மகளுக்குப் பால் பல் விழவில்லை. இப்போது எனக்கே பாதிப் பல் விழுந்துவிட்டது.

சரி, ஒருவழியாக ஓய்வு வந்தது. ஊர் சுற்றுங்கள் என்று ஆலையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று கொடுத்தார்கள். மறுநாள் காலையில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சமையலறைக்குள் போய், அடுப்பை இவ்வளவு பெரிதாக எரிய விடுகிறாயே, குழாயை இப்படித் திறக்கிறாயே, பருப்பு டப்பாவை ஏன் கையெட்டாத இடத்தில் வைத்திருக்கிறாய் என்று நல்லதுக்குத்தான் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “உங்களுக்கு எட்டக் கூடாதுன்னுதான் அங்க வச்சிருக்கேன்”னாள். நான் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அது அவள் துணி மடிக்கும் இடமாம். வாசலுக்கு வந்தேன். அங்கே பக்கத்து வீட்டு அம்மா அவளோடு பேச வரும் நேரமாம். என் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இல்லை தம்பி, வேண்டாத விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது மாதம் கடலுக்குப் போனோம். நானேதான் டிக்கெட் எடுத்தேன், அதைக் குறித்துக்கொள். விடுதியில் இருந்தவர், “சார், முதல் மாடியில கடல் பாத்த ரூம் இருக்கு. மூணாவது மாடியில பின்பக்கம் ஒண்ணு இருக்கு, பாதி வாடகைதான், ஆனா லிஃப்ட் கிடையாது” என்றார். பாதி என்ற சொல் காதில் விழுந்த பிறகு மிச்சம் எதுவும் என் காதில் விழவில்லை. உன் அண்ணிக்கு இரண்டு வருடமாக முழங்கால் வலி. நான் அறுபதில் விட்டு அப்போதே வந்திருந்தால் ஓடி ஏறியிருப்பாள். படிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஐந்து இடத்தில் உட்கார்ந்து, நாற்பது நிமிடத்தில் ஏறி முடித்தோம். ஜன்னலைத் திறந்தால் ஒரு தண்ணீர்த் தொட்டி. “சத்தம் கேக்குது பாரு, கடல்தான்”னேன். “மோட்டார்”னாள்.

மறுநாள் கால் வீங்கிவிட்டது. அவளால் இறங்க முடியவில்லை. அறையை மாற்றலாமா என்று கேட்டேன், மாற்றவும் இறங்கித்தானே ஆக வேண்டும். மூன்று நாளும் அவள் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தாள். நான் மட்டும் கரைக்குப் போனேன். எல்லாக் கிழவன் கிழவிகளும் கால் நனைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து, பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி அவள் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். கணுக்கால்கூட நனையாது. அவள் வாளியைப் பார்த்தாள். பிறகு இரண்டு காலையும் உள்ளே வைத்தாள். “இதுக்கு ஒண்ணும் காசு கேக்கலையே?”ன்னாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவள் திட்டியிருக்கலாம் தம்பி.

வீடு திரும்பியதும் கால் சரியாக ஒரு மாதம் ஆயிற்று. சரியான மறுவாரம் அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விளையாட்டில்லை. அடுத்த தெருவில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது, அங்கே உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைக்கும் வேலை. அறுபது வயதில்! மானம் போகிறதே என்று குதித்தேன். “உனக்கு எதுக்கு வேலை? நம்மகிட்டதான் காசு இருக்கே!”ன்னு கேட்டேன். “இருக்குன்னு சொல்றீங்க. நான் பாத்ததே இல்லையே”ன்னாள். அடுத்த தெருவுக்கு ஆட்டோவில் போகிறாள். முதல் சம்பளத்தில் கூட வேலை செய்கிற இரண்டு பெண்களோடு சினிமாவுக்குப் போய், ஐஸ்கிரீம் தின்று, பரணிலிருந்து தட்டுகளை ஆள் வைத்து இறக்கி, மிச்சத்துக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி வந்திருக்கிறாள். நான் காலையில் அவளுக்கு டிபன் பாக்ஸை மூடி, வாசல்வரை கொண்டு போய்க் கொடுக்கிறேன். “சாயந்திரம் வர லேட்டாகும், எனக்காகக் காத்திருக்காதீங்க”ன்னு சொல்லிவிட்டுப் போகிறாள். நான் அவளிடம் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அது.

எனக்குப் பொழுதுபோக்கு பேங்க்தான். வரிசையில் நின்று பாஸ்புக்கை நீட்டுவேன். கவுண்டர் பெண், “சார், நேத்துதானே என்ட்ரி போட்டுக் குடுத்தேன்”கிறாள். போட்டாய் அம்மா, போட்டாய். அந்த எண்ணைப் பார்க்கத்தான் நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்தேன், பார்த்தால் ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது, அதனால் மறுநாளும் போகிறேன்.

ஆகவே தம்பி, யோசிக்காதே. கையெழுத்துப் போட்டுவிடு. சோற்றுக்கும் மருந்துக்கும் இருந்தால் போதும், அது உனக்கு இருக்கிறது. உன் மனைவிக்கு முழங்கால் நன்றாக இருக்கும்போதே எங்காவது கூட்டிப் போ. லிஃப்ட் உள்ள விடுதியாகப் பார். செலவழிப்பதும் ஒரு பழக்கம், அறுபத்தைந்தில் அது கைக்கு வராது. நான் பணத்துக்காக என் வாழ்க்கையை அடகு வைத்தவன். நீ வைக்காதே. இதற்குமேல் தெளிவாக ஓர் அண்ணன் சொல்ல முடியாது.

நீயும் உன் மனைவியும் சேர்ந்து நடக்கிற கால்களோடு நெடுநாள் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு:

தம்பிக்கு, அண்ணி எழுதறேன். உங்க அண்ணன் இதை எழுதி முடிச்சு, நாளைக்கு ஸ்டாம்ப் வாங்கறேன்னு மேஜை மேல வச்சார். ஒன்பது நாளாச்சு. நானே வாங்கி ஒட்டி அனுப்பறேன். பிரிச்சுப் படிச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்க.

திங்கட்கிழமையிலேருந்து அவர் எடைமேடைக்குப் போறார். யாரும் கூப்பிடலை. அவரா போய் கேட்ல நின்னு, புதுசா வந்த பொண்ணுக்கு உதவியா இருக்கேன்னு கெஞ்சியிருக்கார். சம்பளம் கிடையாது, ரெண்டு வேளை டீ மட்டும். அதைச் சொல்லும்போது அவர் மூஞ்சியப் பாக்கணுமே! நேத்து ஒரு டிரைவர் பழைய ஆலைச் சட்டையோட போனவரை ‘எடைமேடை சார்’னு கூப்பிட்டானாம், அதையே ராத்திரி சாப்பிடற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இவர் இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை.

அதனால மேல எழுதியிருக்கிறதை நம்பாதீங்க தம்பி. பணத்துக்காகப் போனேன்னு எழுதியிருக்கார். குடும்பத்துக்காகப் போறார்னு நானும் இத்தனை வருஷம் நெனச்சேன். அவருக்கு அங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான் விஷயம். நீங்க விடறதும் இருக்கறதும் உங்க இஷ்டம். ஆனா எதுக்காகப் போறீங்கன்னு உங்க சம்சாரத்துகிட்ட இன்னிக்கே உண்மையைச் சொல்லிடுங்க. எனக்கு அப்பவே யாராவது சொல்லியிருந்தா, இவருக்காகக் காத்துக்கிட்டிருந்திருக்க மாட்டேன்.